சிரித்தவர் காரணம் சொல்ல வேண்டும்

ஜனவரி 8

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். மாடிப்படி ஏறும்போது முழங்கால் மட்டும் முனகுகிறது. அதற்கு வயதாகிவிட்டது, எனக்கில்லை. நீயும் உன் மனைவியும் எப்படி இருக்கிறீர்கள்? ஏலக் கம்பெனியில் இன்னும் அதே கத்தல்தானா?

இனி ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் போன் செய்யாதே. போன் சரியில்லை. புகார் எழுதிக் கொடுத்தேன். ஒருவன் வந்தான், எடுத்துப் பேசிப் பார்த்தான், நன்றாகத்தான் இருக்கிறது என்று கையை விரித்துவிட்டுப் போய்விட்டான். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் உட்கார்ந்தவளுக்கு லைன் பாடம் நடத்துகிறான். அவன் கிடக்கிறான். நீ கடிதம் எழுது.

ஒரு நல்ல செய்தி. எங்கள் தெருமுனை நூலகத்தில் வாசிப்புக் குழு ஒன்று ஆரம்பித்திருக்கிறார்கள், நான் சேர்ந்துவிட்டேன். சனிக்கிழமை மாலை, மேல்மாடி அறையில், நீள மேஜையைச் சுற்றி உட்காருகிறோம். நடத்துவது நூலகர், சின்னப் பெண். புத்திசாலிதான், ஆனால் வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு பேசுகிறாள். இப்போது யார்தான் வாயைத் திறந்து பேசுகிறார்கள்? டிவியில் செய்தி வாசிப்பவர்கள்கூட மென்று முழுங்குகிறார்கள்.

எடுத்திருப்பது ஒரு பழைய நகைச்சுவை நாடகம். ஒரு கிழட்டுப் பட்டு வியாபாரி. தான் எப்போது செத்துப்போவோம் என்று வீட்டில் யார் யார் காத்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள, காது கேட்காதவன் போல நடிக்கிறான். மகன், மருமகன், வைத்தியன் எல்லோரும் அவன் எதிரிலேயே எல்லாவற்றையும் பேசிவிடுகிறார்கள். வேலைக்காரிக்கு மட்டும் உண்மை தெரியும். ஆளுக்கொரு பாத்திரமாக உரக்க வாசிக்கிறோம்.

நூலகர் ஒரு சட்டம் போட்டிருக்கிறாள். சிரித்தவர் காரணம் சொல்ல வேண்டும். யார் சிரித்தாலும் வாசிப்பை நிறுத்தி, "ஏன் சிரிச்சீங்க?" என்று கேட்பாள். வெறுமனே சிரித்துவிட்டு டீ குடித்துவிட்டுப் போனால் அது கலந்துரையாடல் இல்லையாம். முதல் வாரம் ரிட்டயர்டு பல் டாக்டர் ஒருவர் மாட்டிக்கொண்டார். நாடகத்து வைத்தியன் நோயாளியைப் பேச விடாமல் பேசும் இடம். எழுந்து நின்று, "நானும் அப்படித்தான். வாயில கண்ணாடிய விட்டுட்டு, ஊருக்குப் போயிட்டு வந்தீங்களான்னு கேப்பேன்" என்றார். அதற்கு எல்லோரும் சிரிக்க, எல்லோரும் காரணம் சொல்ல, அன்றைக்கு அரைப் பக்கம்தான் நகர்ந்தது.

எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

*

ஜனவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே இருவரும் சௌக்கியம். இவள் உன் முழங்காலைப் பற்றிக் கவலைப்படுகிறாள். நான் அந்த நூலகரைப் பற்றிக் கவலைப்படுகிறேன். பாவம், உன்னைச் சேர்த்துக்கொண்டுவிட்டாளே.

நீ வாசிப்புக் குழுவில் சேர்ந்ததை ஏலக் கூடம் முழுக்கச் சொல்லிவிட்டேன். "எங்க அக்கா சின்ன வயசுலயே எனக்குப் பாடம் சொல்லிக் குடுத்தவ" என்று ஒரு அலமாரியை விற்கும் நடுவில் சொன்னேன். அலமாரி கொஞ்சம் கூடுதல் விலைக்குப் போனது.

அக்கா, ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. உன் கடிதம் வருவதற்கு முன், போன ஞாயிற்றுக்கிழமை போனில் நான் கத்திய கத்தலுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி, யாரை ஏலம் விடுகிறீர்கள் என்று கேட்டார். மைக் இல்லாமல் ஒரு மைதானத்துக்குக் கேட்கிற குரல் என்னுடையது. அது உனக்கு எட்டவில்லை. வந்த ஆள் சொன்னது போல, போன் நன்றாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு முறை காது டாக்டரிடம் போய்க் காட்டு. இப்போதெல்லாம் சின்னதாக ஒரு மிஷின் வைக்கிறார்களாம், வெளியே தெரியவே தெரியாதாம்.

சொல்லிவிட்டேன். இனி உன் இஷ்டம்.

அன்புடன்
தம்பி

*

ஜனவரி 29

தம்பிக்கு,

நலம். என் காதுக்கு ஒன்றும் இல்லை.

புயல் அடித்த வருஷம் உனக்கு ஞாபகம் இருக்கும். எல்லாக் கம்பியும் அறுந்து, ஒரே ஒரு லைனில் ஊரே மாறி மாறிக் கத்திக்கொண்டிருந்தது. பத்துப் பேச்சு ஒன்றாகக் குழம்பிக் கிடந்தது. அதற்குள்ளிருந்து தீயணைப்பு நிலையத்தின் பேச்சை மட்டும் பிரித்து எடுத்து, யாருக்கு எங்கே படகு வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவள் நான். பெரிய அதிகாரி வந்து, "உங்க காத இன்ஷூர் பண்ணணும்மா" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அப்பா அதை வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிப் பூரித்தார். நான் சம்பாதித்தது, உன்னைப் படிக்க வைத்தது, இந்த வீட்டை வாங்கியது எல்லாம் இந்தக் காதை வைத்துத்தான். அதில் ஒரு மிஷினைச் செருகிக்கொண்டு தெருவில் போக நான் தயாராக இல்லை.

இந்தப் பேச்சை இன்னொரு தடவை எடுத்தால் கடிதம் வராது.

அக்கா

*

பிப்ரவரி 16

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? தாமதத்துக்கு மன்னித்துக்கொள். நீ சொன்னதுதான் சரி. நான் அதிகப்பிரசங்கி, அது உனக்குப் புதிதில்லை.

எனக்கும் ஒரு சங்கடம் வந்திருக்கிறது. தொண்டை கட்டிக்கொண்டு, டாக்டர் போனில் பேசவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் உன் போன் சரியானாலும்கூட நாம் கடிதத்திலேயே பேசிக்கொள்வோம். எனக்காக இதைச் செய்.

நேற்று ஒரு பழைய பள்ளிக்கூடத்தின் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. காலையிலிருந்து மதியம் வரை கூவிக் கூவிப் பெஞ்சு, கரும்பலகை, மணி எல்லாவற்றையும் விற்றுத் தள்ளினேன்.

பட்டு வியாபாரி என்ன ஆனான்? மருமகன் எப்படிப்பட்டவன்? விவரமாக எழுது. இவளுக்கும் வாசித்துக் காட்டுகிறேன்.

அன்புடன்
தம்பி

*

மார்ச் 5

அன்புள்ள தம்பிக்கு,

நலம். தொண்டைக்கு வெந்நீர் குடி. தொண்டை கட்டினவன் பள்ளிக்கூடத்தையே கூவி விற்றிருக்கிறாய், நல்ல டாக்டர்தான் உனக்கு. எப்படியோ, கடிதம் எனக்கும் வசதி.

உன் அக்கா இங்கே பெரிய ஆளாகிவிட்டாள். பெருமைக்குச் சொல்லவில்லை. இல்லை, பெருமைக்குத்தான் சொல்கிறேன். சிரிப்புக்குக் காரணம் சொல்வதில் என்னை அடிக்க ஆளில்லை என்று பல் டாக்டரே ஒப்புக்கொண்டுவிட்டார். மற்றவர்கள், "சும்மா சிரிப்பு வந்தது" என்று தலையைச் சொறிகிறார்கள். நான் எழுந்தால் அறை அமைதியாகிவிடுகிறது. நூலகர் நான் சொல்வதைக் குறித்துக்கொள்கிறாள்.

அதற்கு உழைப்பும் இருக்கிறது. அந்த வாரம் வாசிக்கப்போகிற பக்கங்களை வீட்டிலேயே நாலு தடவை படித்துவிடுவேன். எங்கே சிரிப்பு வரும், ஏன் வரும் என்று யோசித்து மனப்பாடமாக வைத்துக்கொள்வேன். அங்கே போனதும் தாளில் விரலை வைத்துக்கொண்டு வரிவரியாகக் கூடவே போவேன். எனக்கு எதிர் நாற்காலி பல் டாக்டருடையது. சிரிப்பு வருவதற்கு முன் அவர் தோள் குலுங்கும். அதைப் பார்த்ததும் நானும் தயாராகிவிடுவேன். இதுவரை ஒரு இடம் தவறியதில்லை.

மருமகன் பாத்திரத்தை வாசிப்பவர் ஒரு பேக்கரிக்காரர். கையெல்லாம் மாவு வாசனை. பரம சாது. அவர் வாயில் அந்த மருமகனின் வசனம் வரும்போது பார்க்க வேண்டும். "மாமா போனதும் இந்த நாற்காலி எனக்கு" என்று மாமனார் உட்கார்ந்திருக்கும் நாற்காலியையே தட்டிப் பார்க்கிறான். அதைப் பேக்கரிக்காரர் ஏதோ தப்புச் செய்துவிட்டவர் போல வாசிப்பார்.

இடைவேளையில் எல்லோரும் ஜன்னலோரம் கும்பலாக நின்று பேசுவார்கள். நான் அப்போது புத்தக அலமாரியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கும்பலில் நிற்பது எனக்கு எப்போதுமே பிடிக்காது, உனக்குத் தெரியுமே.

உன் மனைவியைக் கேட்டதாகச் சொல்.

அக்கா

*

மார்ச் 24

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். உன் கடிதத்தை இவள் இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள். "உங்க அக்கா மாதிரி ஒருத்தர் வீட்டுல இருந்தா போதும்" என்றாள். என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னதால் அது பாராட்டா, குத்தலா என்று தெரியவில்லை.

எனக்கு நிஜமாகவே பெருமையாக இருக்கிறது. நாலு தடவை படித்து, யோசித்து, மனப்பாடம் செய்து, தோளைப் பார்த்து. இத்தனை பாடு யார் படுவார்கள்? நீ படுவாய்.

ஆனால் இடைவேளையில் நீ அலமாரியைப் பார்க்கிறாய் என்று எழுதியிருந்த வரியை மட்டும் இவளுக்கு வாசிக்கவில்லை. எக்ஸ்சேஞ்சில் டீ நேரத்தில் உன் மேஜையைச் சுற்றித்தானே கும்பல் இருக்கும்.

தொண்டை பரவாயில்லை. ஆனாலும் போன் கூடாது.

தம்பி

*

மே 3

அக்காவுக்கு,

மார்ச்சுக்குப் பிறகு உன்னிடமிருந்து கடிதமே இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? இவளும் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நாடகம் முடிந்துவிட்டதா? இரண்டு வரி போதும், எழுதிப் போடு.

தம்பி

*

மே 14

தம்பிக்கு,

நான் நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள்.

வாசிப்புக் குழுவை விட்டுவிட்டேன். அந்த நாடகத்தில் ஒன்றும் இல்லை. கிழவனை வைத்துக்கொண்டு எத்தனை நாள் சிரிப்பது? அறையும் புழுக்கம். மாடியேறினால் முழங்கால் வலிக்கிறது.

நீ இங்கே வர நினைத்தால் வேண்டாம், வெயில் அதிகம்.

அக்கா

*

ஜூன் 1

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலம் என்று எழுதியிருப்பதை நம்பவில்லை. அதனால் வேண்டாத இடத்தில் மூக்கை நுழைத்தேன். உங்கள் நூலகத்தின் நம்பரை விசாரித்து வாங்கி, அந்த நூலகரிடம் பேசினேன். நீ சொன்னது போல வாயில் பஞ்சு ஒன்றும் இல்லை அக்கா. அந்தப் பெண் கணீரென்று பேசுகிறாள்.

நடந்ததை அவள் சொன்னபடி எழுதுகிறேன். தப்பிருந்தால் திருத்து.

அன்றைக்கு, மருமகன் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வந்து, சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மாமனாரைச் சவப்பெட்டிக்கு அளவெடுக்கும் காட்சி. பேக்கரிக்காரர் வாசித்துக்கொண்டு வந்தவர், அந்த இடத்துக்கு முன்னாலேயே நிறுத்திவிட்டார். தாளைக் கீழே வைத்துவிட்டு, காலையில் தன் மனைவிக்கு மயக்கம் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகவும், டாக்டர்கள் எதுவும் உறுதியாகச் சொல்லவில்லை என்றும், வீட்டில் தனியாக இருக்க முடியாமல்தான் இங்கே வந்ததாகவும், வாசிக்க முடியவில்லை என்றும் சொன்னார். எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது நீ வாய்விட்டுச் சிரித்தாய்.

யாரும் உன்னைக் காரணம் கேட்கவில்லை. ஆனால் எல்லோரும் திரும்பிப் பார்த்ததும் நீயாகவே எழுந்து நின்று சொன்னாயாம்: "ஆள் போறதுக்கு முன்னாடியே அளவெடுக்க வந்துட்டான் பாருங்க, அந்த அவசரம்தான் சிரிப்பு." பேக்கரிக்காரர் பையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்துப் பல் டாக்டர் உன் பக்கத்தில் வந்து ஏதோ சொன்னார், நீ படியிறங்கிப் போனாய், திரும்பி வரவே இல்லை.

நீ அன்றைக்கு யார் தோளையும் பார்க்காமல் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாய் அக்கா. அவர் நிறுத்தியது உனக்குத் தெரியவில்லை. வாசித்துக்கொண்டே போகிறார் என்று நினைத்துத் தாளில் நீ மட்டும் மேலே போய்விட்டாய். இது எனக்குத் தெரிகிறது. அவர்களுக்குத் தெரியாது. "அவங்க ஏன் அப்படிச் சிரிச்சாங்கன்னு எங்க யாருக்குமே புரியல சார், அப்படிப்பட்டவங்க இல்லையே" என்று அந்தப் பெண் சொன்னாள்.

நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. அது நீ சொல்ல வேண்டியது.

இனி நீ கடிதமே போடாவிட்டாலும் பரவாயில்லை, ஒன்று கேட்கிறேன். உன்னைக் கல்நெஞ்சக்காரி என்று பத்துப் பேர் நினைப்பது உனக்குச் சம்மதம், காது கேட்காதவள் என்று நினைப்பது மட்டும் சம்மதம் இல்லையா? என் அக்கா கல்நெஞ்சக்காரி இல்லை. எனக்கு அம்மை போட்டிருந்தபோது என் பக்கத்தில் யாரையும் விடாமல் நீயே படுத்திருந்தாய். அந்த ஆளின் மனைவியின் நிலையைக் கேட்டு நீ சிரித்ததாக ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. என்னால் அதைத் தாங்க முடியவில்லை.

நானும் பொய் சொன்னேன். என் தொண்டைக்கு எதுவும் ஆகவில்லை. ஜனவரியில் கடைசியாகப் போனில் பேசியபோது, சந்தேகப்பட்டு, "அக்கா, நான் ஒரு கழுதைதானே?" என்று கேட்டேன். "ஆமாம்பா, ரொம்ப சந்தோஷம்" என்றாய். அதற்குப் பிறகு போனில் உன்னை அப்படித் திணற விட எனக்கு மனசு வரவில்லை.

பேக்கரிக்காரரின் மனைவி பிழைத்துவிட்டார். வீட்டுக்கு வந்துவிட்டாராம். நாடகத்தில் கடைசிக் காட்சி மட்டும் பாக்கியாம். நீ வராமல் முடிக்க மனசில்லாமல் தள்ளிப் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

தம்பி

*

ஜூலை 19

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீ ஒரு கழுதைதான். இதை நன்றாகக் காது கேட்டுத்தான் சொல்கிறேன்.

உன் கடிதம் வந்து பல நாள் பிரித்த இடத்திலேயே கிடந்தது. உன் மேல் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பிறகு அழுதேன். பிறகு மறுபடி ஆத்திரம். கடைசியில் ஒரு சனிக்கிழமை நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். போய் என்ன சொல்வது என்று எதையும் மனப்பாடம் செய்யவில்லை. அந்தப் பக்கங்களைப் படிக்கக்கூட இல்லை.

நான் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. அது காது கேட்காதவளுக்கும் தெரியும். பேக்கரிக்காரர் வாசலுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார், என்னைப் பார்க்கவில்லை. என் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

வாசிக்க ஆரம்பித்தார்கள். இந்தத் தடவை தாளில் விரல் வைக்கவில்லை, வாசிக்கிறவர்களின் வாயைப் பார்த்தேன். பட்டு வியாபாரியை வாசித்தவர் பல் டாக்டர். குட்டு வெளிப்படுவதற்கு முன் கிழவன் கடைசியாக ஒரு தடவை செவிடனாக நடிக்கும் இடம். டாக்டர் கையைக் காதில் குவித்துக்கொண்டு, முகத்தைக் கோணிக்கொண்டு, "என்னது? என்ன சொன்னே? இன்னும் உரக்கச் சொல்லு" என்று ஒவ்வொரு வசனத்துக்கும் கேட்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அறையில் நான் ஒருத்திதான் சிரித்தேன்.

எல்லோர் முகமும் வெளிறிவிட்டது. நூலகர் கையைப் பிசைந்தாள், காரணம் கேட்கவில்லை.

நான் எழுந்து நின்றேன். "சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்தானேம்மா. ஏன் சிரிச்சேன்னு கேளு" என்றேன். அவள் உதடு மட்டும் அசைந்தது. கேட்டாள் என்று எடுத்துக்கொண்டேன்.

"இந்தக் கிழவனுக்குச் செவிடனா நடிக்கவே தெரியல" என்றேன். "நிஜமா காது கேக்காதவ 'என்ன, என்ன'ன்னு கேக்கவே மாட்டா. தலைய ஆட்டுவா. எல்லாரும் சிரிச்சா சிரிப்பா. போன் ரிப்பேர்ம்பா. வாயில பஞ்ச வச்சிருக்காங்கன்னு ஊரத் திட்டுவா. அவனோட நடிப்ப ஒரு காட்சியிலயே வேலைக்காரி கண்டுபிடிச்சிட்டா. நான் ஜனவரியிலேர்ந்து காது கேக்கிறவளா நடிச்சிட்டிருக்கேன், இந்த மேஜையில ஒருத்தராவது கண்டுபிடிச்சீங்களா?"

அப்படியே பேக்கரிக்காரர் பக்கம் திரும்பினேன். "அன்னிக்கு நீங்க நிறுத்தினது எனக்குக் கேக்கல. நீங்க பேசினது எதுவுமே கேக்கல. நான் தாளைப் பாத்துச் சிரிச்சேன், உங்களப் பாத்து இல்ல. எக்ஸ்சேஞ்சில முப்பது வருஷம் காத வச்சே பேர் வாங்கினவ நான். அது போயிடுச்சுன்னு சொல்ல எனக்கு வெக்கமா இருந்துது. அதுக்காக உங்களப் புண்படுத்தினது பாவம்."

தம்பி, ஒன்று சொல்கிறேன், தலை குனியவில்லை.

அந்த மனிதர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்தார். அந்தச் சாது, மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். இப்போது அவர் காரணம் சொல்ல வேண்டும். எழுந்து ஏதோ சொன்னார். எனக்குப் பிடிபடவில்லை.

"எனக்குக் கேக்கல. திரும்பச் சொல்லுங்க" என்றேன். இந்த வார்த்தையை நான் கடைசியாக எப்போது சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. மறுபடி சொன்னார். பாதி புரிந்தது. "இன்னொரு தடவை" என்றேன். மேஜையைச் சுற்றிக்கொண்டு என் எதிரே வந்து நின்று, மெதுவாக, வாயைத் திறந்து சொன்னார்.

"அன்னிக்கு இங்கேர்ந்து நேரா ஆஸ்பத்திரிக்குத்தான் போனேன். கோவத்துல உங்களப் பத்தி அவகிட்டச் சொன்னேன், இப்படி அளவெடுக்கிறது கிளவெடுக்கிறதுன்னு பேசிச் சிரிச்சாங்கன்னு. காலையிலேர்ந்து கண்ணே திறக்காதவ சிரிச்சா. 'அப்ப நாடா கொண்டுவந்திருக்கீங்களா'ன்னு கேட்டா. அப்பத்தான் எனக்கு உசுரே வந்துது. ஆனா உங்க மேல கோவம் போகல. இப்ப நீங்க ஏன் சிரிச்சீங்கன்னு தெரிஞ்சதும், இத அவகிட்டச் சொன்னா எப்படிச் சிரிப்பான்னு நினைச்சேன், அதான்."

அதற்கு எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நூலகர், பல் டாக்டர், எல்லோரும். சிரித்தவர் எல்லோரும் காரணம் சொல்ல வேண்டும் என்றேன். சட்டம் போட்டவளையே முதலில் எழுப்பினேன். ஒவ்வொருவராக என் எதிரே வந்து நின்று, மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஒருவர் சொல்வது புரியவில்லை என்றால் விடவில்லை, திரும்பச் சொல்ல வைத்தேன். நாடகம் அன்றைக்கும் முடியவில்லை. இடைவேளையில் ஜன்னலோரம் நானும் நின்றேன்.

காது டாக்டரிடம் போனேன். மிஷின் வாங்கிவிட்டேன். வெளியே தெரியாத ரகம் வேண்டுமா என்று கேட்டார். தெரிகிற ரகமே கொடுங்கள் என்றேன். முடியை இழுத்து மூடிக்கொள்ளாமல் கொண்டை போட்டுக்கொண்டுதான் தெருவில் போகிறேன். இரைச்சல் அதிகம், பழக வேண்டும் என்கிறார்கள். முதல் நாள் குழாயில் தண்ணீர் விழும் சத்தத்துக்குத் திடுக்கிட்டு எழுந்துவிட்டேன்.

மிஷினோடு போனில் பேசிப் பழக இன்னும் கொஞ்ச நாள் ஆகுமாம். தைரியம் வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே கூப்பிடுகிறேன். முதல் பேச்சு உன்னோடுதான்.

அக்கா

*

ஆகஸ்ட் 12

அக்காவுக்கு,

எங்கள் சுகம் எல்லாம் அப்புறம். இது அவசரக் கடிதம், இன்றைக்கே கூரியரில் போடுகிறேன்.

நேற்று மாலை நீ போன் செய்தாய். நான்தான் எடுத்தேன். "தம்பி, அக்கா பேசறேன். மிஷின் போட்டிருக்கேன். கத்தாதே, சாதாரணமாப் பேசு, கேக்குதான்னு பாக்கலாம்" என்றாய். எக்ஸ்சேஞ்சில் உன் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, நீ ஊருக்கெல்லாம் இணைப்புக் கொடுப்பதை நான் கேட்டிருக்கிறேனே, அதே குரல். ஒரு இழை குறையவில்லை.

காத்திருந்தாய். "பேசுப்பா" என்றாய். மறுபடி காத்திருந்தாய். மிஷினைத் திருகுகிற சத்தம் கேட்டது. பிறகு யாரிடமோ சொல்வது போல, "ஒண்ணுமே கேக்கலியே. இதுவும் பிரயோஜனமில்ல போலிருக்கு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய்.

உடனே திரும்பக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, நீ எடுக்கவில்லை. மிஷினைக் கழற்றி வைத்துவிட்டாய் என்று நினைக்கிறேன். இரவு முழுக்க இவள் என்னைத் திட்டித் தீர்த்தாள், நியாயம்தான். நாளை இரவே பஸ் ஏறுகிறேன். எனக்கு முன்னால் இந்தக் கடிதம் வந்துவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

மிஷினைத் தூக்கிப் போட்டுவிடாதே. கடைக்காரனிடம் சண்டைக்கும் போகாதே. நான் ஏல மேடையில் நூறு பேர் முன்னால் மூச்சு விடாமல் பேசுகிறவன். ஊர் முழுக்க உன் கதையைச் சொல்லிச் சொல்லிப் பெருமையடித்துக்கொண்டிருக்கிறேன். நேற்று உன் குரலைக் கேட்டதும் எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தேன்.

நேற்று உனக்குச் சரியாகத்தான் கேட்டது அக்கா. நான் ஒன்றுமே பேசவில்லை.

தம்பி